கட்டடம் மட்டும் எடு என்று சொல்லாதீர்கள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேமராவை நம்பிப் பிழைக்க வரும் இளைஞர்களுக்கு ஓர் உபதேசம் ஓயாமல் சொல்லப்படுகிறது. கட்டடம் எடுப்பதில் ஆசை இருந்தால் கட்டடம் மட்டும் எடு. கல்யாணத்தையும் காதுகுத்தையும் இன்றோடு விட்டுவிடு. எல்லாம் எடுக்கிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். பயிற்சி வகுப்புகளிலும் யூடியூபிலும் இது வேதவாக்காகிவிட்டது. இதை நான் அடியோடு மறுக்கிறேன். இந்த உபதேசம் இளைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது. குமரி மாவட்டத்தின் கட்டடங்களுக்கும் கேடு செய்கிறது.

எல்லாம் எடுப்பவனுக்கு எதிலும் தேர்ச்சி வராது என்கிறார்கள். ராஜா தீன் தயாளைப் பாருங்கள். ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவர். 1886இல் வெளிவந்த மத்திய இந்திய நினைவுச்சின்னங்கள் பற்றிய நூலில் உள்ள அவருடைய படங்களை இன்றும் அறிஞர்கள் புரட்டுகிறார்கள். அதே மனிதர்தான் ஹைதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரராக இருந்து உருவப்படங்களையும் வேட்டைகளையும் படைப் பயிற்சிகளையும் எடுத்தார். பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோவும் நடத்தினார். உருவப்படம் எடுத்ததால் அவருடைய கோட்டையும் கோபுரமும் மங்கிவிடவில்லை.

மறுபக்கம் லின்னேயஸ் ட்ரைப். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்து, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டிய அவருடைய உழைப்புக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அவருக்கு வேலை கொடுத்தது ஒரே ஓர் அரசு. 1859இல் ஆளுநர் ட்ரெவெல்யன் அதை வீண் செலவென்று நிறுத்தினார். அதன்பின் ட்ரைப் புகைப்படத்தைக் கிட்டத்தட்டக் கைவிட்டார். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை. ஒரே வாசலை நம்பியிருந்தார், அது அடைபட்டது.

ஒரே துறை என்ற வழி மும்பையிலும் பெங்களூருவிலும் செல்லும். அங்கே ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் ஏராளம். படத்துக்கென்று பணம் ஒதுக்கும் வழக்கமும் உண்டு. நம் மாவட்டத்தில் வீட்டுக்குப் பிளான் போடுவது பெரும்பாலும் இன்ஜினீயர். கட்டி முடித்தபின் கான்ட்ராக்டர் கைபேசியில் நாலு படம் எடுத்தால் வேலை முடிந்தது. ரிசார்ட், புதிதாகக் கட்டிய தேவாலயம், ஒன்றிரண்டு பெரிய வீடுகள் என்று ஆண்டுக்குச் சில வாய்ப்புகள் வரலாம். போதாதற்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. வெளிப்புறப் படத்துக்கு வானம் தெளியும் நாட்களும் குறைவு. தென்னந்தோப்பில் வாழையை ஊடுபயிராக வைக்கும் விவசாயியை, தென்னை மட்டும் போடு என்று யாரும் கண்டிப்பதில்லை. கேமராக்காரனுக்கு மட்டும் ஏன் அந்தக் கண்டிப்பு?

கலைக்கும் இது பொருந்தும். பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலைக்குள் போய் நில்லுங்கள். வண்ண மைக்கா பதித்த சன்னல்கள் வழியே மங்கிய ஒளி வருகிறது. கருந்தரை அதைத் திருப்பி வீசுகிறது. மேலே மரக்கூரை இருட்டில் கிடக்கிறது. இருட்டையும் கூசும் ஒளியையும் ஒரே படத்தில் அடக்கும் கை எங்கே பழகும்? குத்துவிளக்கும் டியூப்லைட்டும் வீடியோ விளக்கும் வாசல் வெயிலும் கலந்து விழும் கல்யாணப் பந்தலில் பழகும். தாலி கட்டும் நொடி காத்திருக்காது. அந்த அவசரத்தில் வெளிச்சத்தை அளக்கப் பழகியவனுக்கு அசையாத மரமும் கல்லும் பயம் தராது.

ஆள் இல்லாத கட்டடப் படம்தான் தூய்மையானது என்பதும் இந்த உபதேசத்தின் கிளைதான். 115 அடி உயர மாத்தூர்த் தொட்டிப்பாலத்தை ஆளில்லாமல் எடுத்தால் அதன் உயரம் யாருக்குத் தெரியும்? தூணடியில் ஒருவர் நடந்துபோகும்போதுதான் கண் அளவைப் பிடிக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தேரோடும் வீதிகளின் அகலம் தேரோட்டத்தன்று புரியும். மனிதர்களை எடுக்கத் தெரியாதவன் இந்த ஊர்க் கட்டடங்களைப் பாதிதான் எடுக்கிறான்.

எனக்கு மிகவும் வலிக்கும் காரணம் ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டின் பழைய ஓட்டு வீடுகள், நாலுகட்டுகள், மரத்தால் இழைத்த அறைகள் இடிந்துகொண்டிருக்கின்றன. அவை யாரோ ஒருவருடைய வீடு. டிக்கெட் வாங்கிப் போகும் அரண்மனை அல்ல. கட்டடம் மட்டும் எடுப்பவனை அங்கே யார் அழைப்பார்கள்? கல்யாணத்துக்கும் சடங்குக்கும் அம்மன் கொடைக்கும் அழைக்கப்படுகிறவன்தான் அந்த வாசலைத் தாண்டுகிறான். எத்தனையோ வீடுகளின் தூணும் உத்தரமும் இன்று மிஞ்சியிருப்பது பழைய கல்யாண ஆல்பங்களில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால்தான். கட்டடக்கலை தெரிந்த கண் அந்தக் கேமராவுக்குப் பின்னால் இருந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்!

ஆழம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உச்சியில் உள்ளே சரியும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸும் ட்ரைபாடும் பொறுமையும் இல்லாமல் கட்டடப் படம் நேராக நிற்காது. அதை முழுமையாகக் கற்க வேண்டும். கட்டட வேலை கொடுப்பவரிடம் கட்டடப் படத் தொகுப்பைக் காட்டு, கல்யாண வீட்டாரிடம் கல்யாண ஆல்பத்தைக் காட்டு, இரண்டையும் கலக்காதே. விலையும் மதிப்பும் அங்கே நிற்கும். இன்னொரு வேலையைத் துறந்தால்தான் அவை வரும் என்பது பொய்.

ஆழத்தை வேலைப் பிரிவில் தேடாமல் ஊரில் தேடுங்கள். எந்தக் கோயில் மண்டபத்தில் எந்த மாதம் எந்நேரம் வெயில் நுழையும், எந்தத் தச்சர் எந்த வீட்டை இழைத்தார், எது அடுத்த ஆண்டு இடிபடப் போகிறது என்று தெரிந்தவன்தான் இங்கே நிபுணன். பயிற்சி நடத்துபவர்கள் மாணவனுக்கு முதலில் இதைக் கற்பிக்கட்டும். இளைஞர்களே, முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஆல்பம் முடிந்ததும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அந்த வீட்டையும் முறையாக எடுத்துவிட்டு வாருங்கள்.