சர்க்கரையை "ஒழிக்கும்" வியாபாரிகள்

காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் போதும். கழுத்தில் மாலையும் நெற்றியில் பொட்டுமாக ஒருவர் அமர்ந்திருப்பார். "நாற்பத்தெட்டே நாளில் சர்க்கரை நோய் வேரோடு போய்விடும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்பார். கீழே அலைபேசி எண் ஓடும். தொலைக்காட்சி பார்க்காதவருக்கு அதே செய்தி சித்தப்பா புண்ணியத்தில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-லேயே மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் வந்துவிட்டது. அதன் அட்டவணையில் நீரிழிவும் உண்டு. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். ஆனால் எழுபது ஆண்டுகளாகச் சட்டம் தூங்குகிறது, வியாபாரம் மட்டும் விழித்திருக்கிறது!

விழித்திருக்காமல் என்ன செய்யும்? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இவ்வளவு பெரிய சந்தையை எந்த வியாபாரி விடுவான்?

ஏமாறுகிறவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் என்று நினைத்தால் தவறு. வங்கி அதிகாரியும் ஏமாறுகிறார், ஆசிரியரும் ஏமாறுகிறார். காரணம் எளிது. மருத்துவர் "வாழ்நாள் முழுக்க" என்கிறார், வியாபாரி "நாற்பத்தெட்டு நாள்" என்கிறான். பயந்துபோன மனது எதைப் பிடித்துக்கொள்ளும்? மூன்று மணி நேரம் காத்திருந்தவரை மூன்றே நிமிடத்தில் பார்த்து, ஒரு வார்த்தை விளக்காமல் சீட்டை நீட்டும் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்த வியாபாரத்தின் பெரிய மூலதனம் ஒரு பொய்: "இங்கிலீஷ் மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும்." பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து வருடம் மாத்திரை சாப்பிட்டார், கடைசியில் டயாலிசிஸ் செய்தார், ஆகவே மாத்திரைதான் காரணம் என்கிறார்கள். நெருப்பு பிடித்த இடத்தில் எல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது, ஆகவே வண்டிதான் நெருப்பு வைத்தது என்பதைப் போன்ற வாதம் இது. சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடம் கட்டுப்படாமல் கிடந்த சர்க்கரை. அது வலிக்காமல் அரிக்கும். கண்ணின் விழித்திரையும் பாதத்தின் நரம்புகளும் அப்படியே போகின்றன. 1998-ல் பிரிட்டனில் முடிந்த பெரிய ஆய்வு ஒன்றில், மாத்திரையாலும் இன்சுலினாலும் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மருந்து எடுத்தவர்களுக்குத்தான் பாதிப்பு குறைந்தது!

"அப்படியானால் மூலிகையே வேண்டாமா?" என்று சண்டைக்கு வருவார்கள். இலையோடு யாருக்கும் பகை இல்லை. இன்று கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பியச் செடி ஒன்றுதான். அந்தச் செடியில் இருந்த பொருளை ஆராய்ந்ததன் வழியாகத்தான், 1957-ல் பிரான்ஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நீரிழிவு மருந்தாக்கினார். வித்தியாசம் இலையில் இல்லை, சோதனையில் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தால் பயன், எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று அங்கே அளந்தார்கள். இங்கே டப்பாவில் என்ன இருக்கிறது என்பதே ரகசியம்.

இதில் மிகக் கொடுமை குழந்தைகள் விஷயம். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிடும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, அந்த நோய் மரண தண்டனையாகவே இருந்தது. அந்த ஊசியை நிறுத்திவிட்டுப் பொடி கொடுத்தால் குழந்தை சில நாட்களிலேயே உயிருக்குப் போராடும். "ஊசி போடுகிற பெண்ணை யார் கட்டுவார்கள்" என்று மறைக்கிற பெற்றோர்தான் பொடிக்காரனின் முதல் வாடிக்கையாளர். அந்தப் பேச்சைப் பேசுகிற ஊருக்கு இதில் பங்கில்லையா?

சரி, நோய் பின்வாங்கவே பின்வாங்காதா? சிலருக்குப் பின்வாங்கும். 2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்கள் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமானது. அதாவது எடை திரும்பினால் நோயும் திரும்பும். இதைச் செய்தது எந்தப் பொடியும் அல்ல. மருத்துவக் கண்காணிப்பும் வாயைக் கட்டிய வைராக்கியமும்தான்.

உடம்பை மறுபடி தன் கைக்குள் கொண்டுவருவது என்பது இதுதான். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுவது. சப்பாத்திக்கு மாறிவிட்டோம் என்று ஆறு சப்பாத்தி தின்னாமல் இருப்பது. தினமும் நடப்பது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைத் தவறவிடாதது. வருடத்துக்கு ஒருமுறை கண்ணையும் சிறுநீரையும் சோதிப்பது. இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடமே கேட்பது.

இதில் கவர்ச்சி ஏதும் இல்லை. விளம்பரத்துக்கு உதவாது. ஆனால் பொடியை நம்பியவர் காலை இழந்தபின் அந்த அலைபேசி எண்ணை அழைத்தால், எடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.