நூலுக்குக் குளிர்ச்சி, ஆளுக்கு உபதேசமா?

கோடை பிறந்துவிட்டால் கூடவே ஓர் உபதேசமும் பிறந்துவிடுகிறது. "மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்! விசிறியை நிறுத்துங்கள்! விளக்கை அணையுங்கள்!" என்று நாலாபுறமிருந்தும் சொல்கிறார்கள். சிக்கனம் நல்லதுதான். பாட்டாளிக்குச் சிக்கனத்தை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த உபதேசம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? தகரக் கூரையின் கீழ் ஒரே ஒரு விசிறியை வைத்துக்கொண்டு ஐந்து பேர் படுத்துறங்கும் வீட்டைப் பார்த்தா? அல்லது ஆளில்லாத அறையிலும் குளிர் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் மாளிகையைப் பார்த்தா?

சேலம் நகரத்தைச் சுற்றிலும் மலைகள். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று கிண்ணம் போல் சூழ்ந்து நிற்கின்றன. 2024 ஏப்ரலில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அந்தக் காலத்து வெள்ளைத் துரைமார் சூடு பொறுக்காமல் ஏற்காட்டில் பங்களா கட்டிக்கொண்டு மலையேறினார்கள். மலையடிவாரத்தில் தறியடித்தவனும் ஏர் உழுதவனும் அப்படியே வெந்தார்கள். இன்று மலையேற வேண்டியதில்லை. பணமிருந்தால் அறைக்குள்ளேயே ஏற்காட்டை உண்டாக்கிக்கொள்ளலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் குளிர் யந்திரத்தின் வரலாற்றை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1902-ம் வருஷம் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், ஈரக்காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் என்ற இன்ஜினீயர் இந்த யந்திரத்தை வகுத்தார். "ஏர் கண்டிஷனிங்" என்ற பெயரோ பஞ்சாலையில் பிறந்தது. 1906-ல் ஸ்டூவர்ட் கிரேமர் என்பவர், அமெரிக்கத் தென்பகுதியின் நூற்பாலைகளில் நூலுக்கேற்றபடி காற்றைப் பக்குவப்படுத்துவதற்கு வைத்த பெயர் அது. காகிதத்துக்காகப் பிறந்தது, நூலுக்காகப் பெயர் பெற்றது. மனிதனுக்காக அல்ல!

நமது ஸ்பின்னிங் மில்களில் இன்றும் அதே கதைதான். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும், உற்பத்தி விழும். ஆகவே காற்றுக்கு ஈரமூட்ட யந்திரம் வைத்து, ஈரப்பதத்தை 55, 60 சதவிகிதம் என்று கண்கொத்திப் பாம்பாகக் காக்கிறார்கள். நூலுக்கு அது சுகம். ஆளுக்கு? உடம்பின் சூடு தணிவது வியர்வை உலர்வதால். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். யந்திரங்கள் கக்கும் வெப்பம் வேறு. லங்காஷயர் நெசவுக் கூடங்களில் நூலுக்காக நீராவியைப் பாய்ச்சி ஆளை அவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் 1889-ல் அங்கே சட்டம் போட்டு அந்த ஈரத்துக்கு வரம்பு கட்டினார்கள்.

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் போங்கள். வெயில் ஏறினால் கோழி செத்துவிடும், முட்டை குறைந்துவிடும். ஆகவே கூரைமேல் தண்ணீர் தெளிப்பான், உள்ளே பனிபோல் நீர்த்தூவல். நல்ல ஏற்பாடுதான். கோழியும் உயிர்தானே! ஆனால் அந்தக் கோழிக்குத் தீவனம் சுமக்கும் கூலிப்பெண்ணின் தகரக் கொட்டகைக்கு யார் தண்ணீர் தெளித்தார்கள்? சேகோ ஆலைக் களத்தில், உச்சி வெயிலில், வெள்ளை மாவைக் கிளறிவிடும் மரவள்ளித் தொழிலாளிக்கு எது நிழல்? கோழி செத்தால் முதலாளிக்கு நஷ்டம். கூலியாள் மயங்கி விழுந்தால் நாளைக்கு வேறு ஆள்!

சட்டம் இல்லாமலில்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு காற்றோட்டத்தையும் தாங்கத்தக்க வெப்பநிலையையும் கட்டாயமாக்கியது. 15-வது பிரிவு செயற்கை ஈரமூட்டலைக் கட்டுப்படுத்தியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றது 18-வது பிரிவு. அந்தச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று ஆக்கிவிட்டார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை விசைத்தறிக் கூடங்களில் எத்தனை இடத்தில் 20 பேர் இருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள்!

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் ஒரு கணக்குப் போட்டது. வெப்பத்தால் 2030-ல் இந்தியா தனது வேலை நேரத்தில் 5.8 சதவிகிதத்தை இழக்கும், அது 3 கோடியே 40 லட்சம் பேரின் முழுநேர வேலைக்குச் சமம் என்றது. அந்த இழப்பை யார் தலையில் கட்டுவார்கள்? பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவன் தலையில்தான்.

இனி வீட்டு விஷயம். சில தோழர்கள் தவணையில் குளிர் யந்திரம் வாங்கியிருக்கிறார்கள். தவறில்லை, இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவனுக்கு அது ஆடம்பரமல்ல. ஆனால் கணக்குத் தெரிந்து ஓட்டுங்கள். ஒன்றரை டன் யந்திரம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட்; அது 20 சாதாரண விசிறிகளுக்குச் சமம். 18-ல் வைக்காதீர்கள், 26-ல் வைத்து விசிறியையும் சுழலவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம். பஞ்சுத் தூசி பறக்கும் நம் ஊர்களில் வடிகட்டியை 15 நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளியே இருக்கும் பெட்டிக்கு நிழலும் காற்றும் வேண்டும். "வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டும்" என்று ஒருவன் சொன்னால் நம்பாதீர்கள். கேஸ் தேய்ந்துபோகும் பொருளல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்கச் சொல்லுங்கள்.

2022 செப்டம்பர் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டானால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! விகிதங்கள் பிறகு மாறியிருக்கின்றன. மீட்டரைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் மாற வேண்டாம்.

யந்திரம் இல்லாத வீடுகளே அதிகம். தகரத்துக்கும் சிமெண்ட் சீட்டுக்கும் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும். தென்னங்கீற்றுப் பரப்புங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்தான் இழுக்கும்.

இவ்வளவும் நாம் செய்வோம். ஆனால் இதோடு நின்றால் அது உபதேசத்துக்குத் தலையாட்டியதாகும். ஒரு குற்றத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக நான் எழுதிக்கொடுத்த கோரிக்கை மனுக்களில் கூலி இருந்தது, போனஸ் இருந்தது, சூடு இல்லை. சூடு கடவுள் கொடுத்தது என்று நாமும் நினைத்துவிட்டோம்.

2024 அக்டோபரில் தமிழக சர்க்கார் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்த பின் பணம் என்பது சரி, சாகாமலிருக்க என்ன? கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில், திறந்த வெளி வேலைக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வென்று உத்தரவு போட்டு வந்திருக்கிறார்கள். ஆமதாபாத் 2013-லேயே வெப்பத் திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று கொள்கையே வகுத்தது. நம்மால் ஏன் முடியாது?

ஆகவே கேட்போம்! ஒவ்வொரு மில் இலாகாவிலும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து தமிழில் பலகையில் எழுது! உச்சி வெயிலில் கூலி வெட்டில்லாத ஓய்வு கொடு! விசைத்தறிக் கூடத்துக்கும் லைன் வீட்டுக்கும் சர்க்கார் செலவில் வெள்ளைக் கூரை போடு! சிக்கன விசிறியை மின்வாரியம் மூலம் தவணையில் கொடு! 20 பேருக்குக் குறைந்த கூடத்துக்கும் சட்டத்தின் நிழலை நீட்டு!

தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முதல் கோரிக்கையாக எழுதுங்கள். நூலைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த நூலை நூற்கிற ஆளையும் காக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நாம் தெரியவைப்போம்.