திருவிழா விளக்குப் பலகைக்கும் பேக்கப் வேண்டும்!

தேனி அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா முதல் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்க் கொடைகள் வரை, சீரியல் செட் இல்லாமல் விழா இல்லை. மயில், வேல், அம்மன் முகம் என மின்னும் இந்தப் பலகைகளும் ஒருவகை மானிட்டர்தான். இவற்றின் ஃபைல்களைப் பாதுகாக்க, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நீங்கள் முன்வர வேண்டும் என்பது என் கருத்து.

முன்பு, மோட்டாரில் சுழலும் உருளை ஒன்று பல்பு வரிசைகளை மாற்றி மாற்றி எரியவிட்டது. இன்றைய பிக்ஸல் எல்.இ.டி. பலகைகளில் அந்த வேலையைச் சிப் செய்கிறது. பரவலாகப் பயன்படும் டபிள்யூ.எஸ்.2811 சிப்பைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தலா 8 பிட் வீதம் 24 பிட்களைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த சிப்புக்கு அனுப்பிவிடும். பந்தியில் ஆளுக்கொரு வடை எடுத்துக்கொண்டு தட்டை நகர்த்துவது போலத்தான். விநாடிக்கு 8 லட்சம் பிட் வேகத்தில், 1,000 விளக்குகளுக்குத் தகவல் போய்ச்சேர 30 மில்லி விநாடி போதும்.

ஆனால், தான் இருக்கும் இடம் சிப்புக்குத் தெரியாது. வயரில் எத்தனையாவது என்பதே அதன் முகவரி. மானிட்டரில் புள்ளிகள் நேர்வரிசையில் இருக்கும். மயில் பலகையிலோ வயர் வளைந்து வளைந்து ஓடும். 37வது விளக்கு கொண்டையிலா, தோகையிலா என்பதைச் சொல்வது கம்ப்யூட்டரில் தயாரித்த வயரிங் வரைபட ஃபைல்தான். கன்ட்ரோலரில் செருகும் எஸ்.டி. கார்டில் இருப்பது, அந்த வரைபடத்தை வைத்து உருவாக்கிய இயக்க ஃபைல்.

பழுதான விளக்கை வெட்டிவிட்டு வயரை நேராக முறுக்கினால், அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஓர் இடம் தள்ளிப்போய் உருவம் கலையும். அதே இடத்தில் புது விளக்கு வைப்பதே சரி. பலகைத் துண்டுகளை வரிசை மாற்றி இணைத்தாலும் இதே கதிதான்.

"டிசைன் எங்கள் பிழைப்பு, ஃபைலைத் தரமுடியாது" என்று தயாரிப்பவர் சொல்லலாம். அனிமேஷன் அவருடையது, சரி. ஆனால் வயரிங் வரைபடம் பலகையோடு சேர்ந்தது. அது இல்லாவிட்டால், புதிய காட்சி அமைக்க ஒவ்வொரு விளக்காக எண்ணித் தீர வேண்டும். எனவே விலை பேசும்போதே விழாக் குழுவினர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த வரைபடத்தையும், எஸ்.டி. கார்டின் முழு நகலையும் உங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் சேமித்து வையுங்கள். பலகைத் துண்டுகளின் பின்புறம் எண் எழுதுங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே நகல் கார்டைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.