நிற்கும் நீரில் வீசும் யூரியா

நடவு முடிந்த இரண்டு மூன்று வாரங்களில், நீர் தேங்கிய வயலில் யூரியாவை வீசினால் கரைந்து பயிருக்குப் போய்ச் சேரும் என்பது நெல் விளையும் ஊர்களில் கேள்வியின்றி நிலைத்த நம்பிக்கை. யூரியா கரைவது உண்மை. போய்ச் சேர்வதுதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

கரைந்த யூரியாவை யூரியேஸ் என்னும் நொதி சில நாட்களில் அம்மோனியமாக மாற்றிவிடுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பிடித்துவைக்கும்; ஆனால் அது மண்ணைத் தொட்டால்தானே! மேலே நீரிலேயே நிற்கும் பங்கு வெயிலிடம் மாட்டிக்கொள்கிறது. பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச, காலையில் நடுநிலையில் இருந்த நீர் பிற்பகலில் காரம் ஏறி பி.எச். 9-ஐத் தாண்டுகிறது, இரவில் மீண்டும் இறங்குகிறது. பி.எச். ஏற ஏற அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறும்: பி.எச். 7-இல் வாயுவாக இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8-இல் ஏழெட்டுப் பங்கு. 9-இல் பாதிக்குச் சற்றே குறைவு. காற்று வீசினால் அது வரப்பைத் தாண்டிப் போய்விடும். பிலிப்பைன்சில் 1980-களில் நடந்த வயல் அளவீடுகளில், இளம் பயிரின் நீரில் வீசிய தழைச்சத்தில் பாதியை நெருங்கும் இழப்பும் பதிவானது. ஆக, உரமிட்ட மறுநாள் நீரில் தழைச்சத்து மிகுந்திருந்தால் அதை வளம் என்று எண்ணக் கூடாது. கிளம்பக் காத்திருக்கும் சரக்கு அது.

"போட்ட வாரத்திலேயே பயிர் பச்சை கட்டுகிறதே" என்பது வழக்கமான பதில். இட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே இலை பச்சையாகும். போனது எவ்வளவு என்று இலை சொல்லாது. கதிர் உருவாகும் பருவத்தில் இதே வீச்சு நன்றாகவே பலிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது வேர்கள் மண்ணின் மேல்மட்டத்தில் பாய்போலப் படர்ந்திருக்கும். தழை நிழலில் பாசி அடங்கியிருக்கும். பிந்திய மேலுரத்தில் கண்ட பலனை முந்திய உரத்துக்கும் நீட்டியதில்தான் இந்த நம்பிக்கை பிழைத்திருக்கிறது.

டி.ஏ.பி.யையும் சேர்த்து நீரில் வீசுவது இன்னும் மோசம். அதன் மணிச்சத்து பாசிக்குத் தீனியாகிறது. பாசி பெருகினால் பி.எச். ஏறும். நீலப்பச்சைப் பாசி நெல் வயலில் தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது என்று ஆய்வாளர் பி.கே. டே 1939-இல் காட்டியது மெய்தான். ஆனால் நீரில் ஆயத்தச் சத்து கிடைக்கும்போது பாசி அந்த வேலையைச் சுருக்கிக்கொள்ளும்.

வேம்பு பூசிய யூரியா இந்த இழப்பை நிறுத்திவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. இந்தியாவில் 2015 முதல் யூரியா ஏறக்குறைய முழுவதும் வேம்பு பூசப்பட்டே வருகிறது. வேம்பு முதன்மையாக அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதிக்கிறது. அம்மோனியா ஆவியாவதற்கு அது தடை ஆகாது.

உரத்தை மண்ணுக்குள் கொண்டுசேர்ப்பதே வழி. அடியுரத்தை நீர் வடித்த சேற்றில் இட்டுக் கடைசி உழவில் கலக்கலாம். வங்கதேசத்தில் யூரியா உருண்டைகளை நான்கு குத்துகளுக்கு நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்துகிறார்கள். ஆள்கூலிதான் அதன் சிக்கல். முறைப்பாசனத்தில் வடித்த நீர் திரும்பக் கிடைக்குமோ என்று அஞ்சுபவர்கள், முறைத் தண்ணீர் வருவதற்கு முன், நீர் வற்றி மண் தெரியும் நாளில் மேலுரமிட்டு, பிறகு பாய்ச்சலாம்; இறங்கும் நீர் உரத்தையும் வேரடிக்கு இழுத்துச் செல்லும்.