அடவு முதலில், மேடை பிறகு
விஜயதசமியன்று பரதநாட்டியப் பள்ளிகளில் புதுப் பிள்ளைகள் சேருகிறார்கள். பழைய மாணவிகளோ நவராத்திரி முழுக்கக் கோயில் மேடைகளில் ஆடுகிறார்கள். அடுத்து, மார்கழி நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகை. இந்த அவசரத்தில் முதலில் பலியாவது அடிப்படை நிலையான அரைமண்டி. அடவு என்னும் அடிப்படை அசைவுகளில் ஒன்றான தட்டடவை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பிசகாமல் ஆடத் தெரியாத குழந்தைக்கு, ஒரே மாதத்தில் ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றுவது அநியாயம். முழங்கால் மடங்கி, பாதம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் அரைமண்டி உடம்பில் படிய ஆண்டுகள் ஆகும். தவறாகப் பழகினால் மூட்டு நோகும். பெற்றோர்களே, "எப்போது மேடை?" என்று ஆசிரியரை நெருக்காதீர்கள். இந்தப் பருவத்திலும் வாரம் ஒரு வகுப்பையாவது அடவுக்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். மேடை காத்திருக்கும், வளரும் கால்கள் காத்திருக்காது.