பேயா? கொழுப்பா?

பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு பெண் காலையில் உருகி, மாலையில் சீறி, இரவில் தன் கையையே கீறிக் கொண்டால், "முனி பிடித்து விட்டது" என்று பூசாரியிடம் இழுப்பவரும், "கொழுப்பு" என்று கையோங்குபவரும் இன்னும் இருக்கின்றார்கள். (ஆணுக்கு வந்தாலோ, "கோபக்காரன்" என்பதோடு சரி.)

இது பேயுமல்ல, கொழுப்புமல்ல. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். கைவிட்டு விடுவார்களோ என்ற ஓயாத பயமும், உள்ளே ஒரு வெறுமையும் அதன் குறிகளாம். அமெரிக்காவில் மார்ஷா லைனஹன் என்ற அம்மையார் 1961-ல், 17-வது வயதில், இப்படித் தம்மையே வெட்டியும் சுட்டும் கொண்டு ஆஸ்பத்திரியில் அடைபட்டவர். அவரே பின்பு மனோதத்துவம் படித்து, இதற்கென்று ஒரு சிகிச்சை கண்டு, 1993-ல் புத்தகமும் வெளியிட்டார். "உன் வேதனை நிஜம், ஆனாலும் நீ மாறத்தான் வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, ஆத்திரம் பொங்கும் அந்த நிமிஷத்தைத் தாண்டப் பழக்குவதே அம்முறை.

நமது வைத்தியமோ சங்கிலி! ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி கொட்டகை பற்றியெரிந்தபோது, கட்டுண்டு கிடந்த 28 பேர் மாண்டார்கள். எந்தச் சாமி, எந்த அவுலியா வந்து அவிழ்த்தது? 2017-ம் வருஷச் சட்டம் சங்கிலியைத் தடுத்திருக்கின்றது.

பூசாரிக்குக் கோழியும் பணமும் கொடுக்கத் தயங்காதவர்கள், காசில்லாமல் 14416-க்கு டெலிபோன் செய்ய யோசிப்பானேன்? இரவும் பகலும் தமிழிலேயே பேசுகின்றார்கள். கோயமுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவும் இருக்கின்றது.