ஏழு அடுக்கு மனப்பாடம் போதுமா? நெட்வொர்க்ஸ் தேர்வில் மாற வேண்டியது என்ன?

2021 அக்டோபர் 4. இந்திய நேரப்படி இரவு 9 மணியைத் தாண்டியதும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகவில்லை. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் திறக்கவில்லை. டேட்டா தீர்ந்துபோச்சோ என்று பலரும் போனை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட 6 மணி நேரம் இதே கதைதான்.

என்ன நடந்தது?

பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து, 'எங்களிடம் வர இதுதான் வழி' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்புகள் வாபஸ் ஆகின. இணையதளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால், அவற்றை அடைய வழி இல்லை. கடை திறந்திருக்கு, தெருவைத்தான் காணோம் என்பது போன்ற நிலை.

பிஜிபி, டிஎன்எஸ் இரண்டுமே கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் நெட்வொர்க்ஸ் பாடத்தில் படிப்பவைதான். ஆனால் தேர்வு அறையில் வழக்கமாக வரும் கேள்வி என்ன? 'ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளைப் படத்துடன் விளக்குக.' 'ப்ளீஸ் டூ நாட் த்ரோ சாசேஜ் பீட்சா அவே' என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் ஏழு பெயர்களும் வரிசையாக வந்துவிடும். மார்க்கும் வந்துவிடும். புரிதல் வந்ததா என்பதை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

ஓஎஸ்ஐ வேண்டாமா?

வேண்டும். ஆனால் அதன் இடம் எது என்று சொல்லித்தர வேண்டும். ஓஎஸ்ஐ மாடலை ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலையாக வெளியிட்டது 1984-ல். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், அதற்கு முன்பே 1983 ஜனவரி 1-ம் தேதி டிசிபி/ஐபி-க்கு மாறிவிட்டது. இன்று நம் போனில் ஓடும் இணையமும் டிசிபி/ஐபி-யில்தான் இயங்குகிறது. அதில் செஷன், பிரசென்டேஷன் என்று தனி அடுக்குகள் கிடையாது. 'இது லேயர் 2 பிரச்சினையா, லேயர் 3 பிரச்சினையா?' என்று இன்ஜினீயர்கள் பேசிக்கொள்ள ஓஎஸ்ஐ ஒரு பொது மொழி. மொழியின் எழுத்துகளை மட்டும் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, பேச வருமா என்று பார்க்காமல் விடுவதுதான் சிக்கல்.

கேள்வியை மாற்றினாலே போதும்

'ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒரே அளவுகோலில் திருத்தணும், எல்லாக் கல்லூரியிலும் நல்ல லேப் கிடையாது' என்ற பதில் வரும். நியாயம்தான். ஆனால் இதற்குப் பெரிய லேப் தேவையில்லை. டிரேஸ்ரூட், என்எஸ்லுக்கப் போன்ற கட்டளைகள் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வயர்ஷார்க் இலவசம். தன் லேப்டாப்பில் ஒரு இணையதளத்தைத் திறந்தாலே, டிசிபி இணைப்பின் மூன்று படிகளான சின், சின்-ஆக், ஆக் மூன்றும் வரிசையாக வருவதை மாணவர் கண்ணால் பார்க்கலாம்.

தேர்விலும் இதைக் கொண்டுவரலாம். ஒரு டிரேஸ்ரூட் வெளியீட்டை வினாத்தாளிலேயே அச்சிட்டு, 'பாக்கெட் எந்த இடம் வரை போயிருக்கிறது? அடுத்து எதைச் சோதிப்பீர்கள்?' என்று கேட்கலாம். சரியான பதில்களுக்கு மதிப்பெண் பிரித்துத் திருத்துவதும் கஷ்டமில்லை. செலவு, வினாத்தாளில் கூடுதலாகப் பத்து வரிகள்.

வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே 'சர்வர் ஓடுது, ஆனா சைட் திறக்கல' என்று யாராவது வந்து நிற்பார்கள். அப்போது கைகொடுக்கப் போவது ஏழு பெயர்கள் அல்ல, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்ற தெளிவுதான். அதைச் சோதிக்கும் கேள்வி வினாத்தாளில் ஒன்றாவது இருக்க வேண்டும்.